பட்டாளத்து சார்: ஒரு வாழ்க்கையும் அதன் காகிதங்களும்

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு அடித்த நோட்டீஸில் பெரியப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. முன்னாள் படைவீரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பாசமுள்ள குடும்பத் தலைவர். பொய் ஒன்றுமில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த மின்கம்பத்தில் ஒட்டிய மரண நோட்டீஸைப் படித்தாலும் இந்த மூன்றில் குறைந்தது ரெண்டு இருக்கும். பட்டாளத்துக்கு ஒருத்தன், பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தன், கல்ஃபுக்கு ஒருத்தன் என்று பிள்ளைகளைப் பங்குபோட்டு அனுப்பிய ஊர் இது. அந்த வரியை வைத்து அவர் எப்படிப்பட்ட ஆள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் அவர் வாழ்க்கையை ஒரு கேஸாக எடுத்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ராணுவத்தில் செய்த ஒரு குறிப்பிட்ட வேலை அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது, அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் பிரமாதமாக உதவியது, வீட்டில் பாதிதான் உதவியது, அவருடைய சொந்தக் காகிதங்கள் பக்கம் அது வரவே இல்லை. நான் அவருடைய தம்பி மகன், அவரிடமே வரலாறு படித்தவன், அவர் போன பிறகு அவர் மனைவியான பெரியம்மைக்குப் பென்ஷன் மாற்ற ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனும் நான்தான்.

கம்பி பார்க்கிற வேலை

1945இல் விளவங்கோடு தாலுகாவில் பிறந்தார். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானபோது அவருக்கு 11 வயது. தொடக்க வகுப்பெல்லாம் மலையாளம், அப்புறம்தான் தமிழ். இது ஏதோ ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதில்லை, பின்னால் வேண்டியிருக்கிறது.

1962 சீனப் போர் முடிந்ததும் ராணுவத்தைப் பெரிதாக்கினார்கள், நாடு முழுக்க ஆள் எடுத்தார்கள். 1963இல் இவரும் போனார். எங்கள் பக்கத்தில் பட்டாளம் என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் ரெஜிமெண்ட், குன்னூர் வெலிங்டனில் பயிற்சி. ஆனால் இவரைச் சிக்னல்ஸ் பிரிவுக்கு எடுத்து ஜபல்பூருக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருவனந்தபுரம் கன்னியாகுமரி பாதை 1979இல்தான் வந்தது, திருநெல்வேலிப் பக்கம் இணைந்தது 1981இல். ஆக அவருடைய 15 வருட பட்டாள வாழ்க்கையில் ஒருமுறைகூட மாவட்டத்துக்குள் ரயிலில் வந்து இறங்கவில்லை. திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ இறங்கி, தகரப் பெட்டியை பஸ்ஸின் மேல் போட்டு வருவார். ரெண்டு மாச லீவில் வழியிலேயே கரைகிற நாட்களைப் பற்றி வயதான பிறகும் கணக்குச் சொல்லிப் புலம்புவார்.

சிக்னல்ஸில் அவர் லைன்மேன். சண்டை நடக்கிற இடத்தில் முன்னால் இருக்கிற கம்பெனிக்கும் பின்னால் இருக்கிற தலைமையகத்துக்கும் நடுவே டெலிபோன் கம்பி இழுப்பது, அது அறுந்தால் போய்ச் சேர்ப்பது. 1965லும் இருந்தார், 1971லும் இருந்தார். 71இல் மேற்கு எல்லை. டிசம்பர் 3 மாலை தொடங்கி 17ஆம் தேதி போர்நிறுத்தம் வரை ரெண்டு வாரம். அதைப் பற்றி அவரிடம் கேட்டால் குண்டு, டாங்கி என்று நாங்கள் எதிர்பார்த்த கதையெல்லாம் வராது. கம்பி பார்த்த கதைதான் வரும்.

அதை அவர் செய்து காட்டியே சொல்வார். தரையில் கிடக்கிற கம்பி எதிரி குண்டில் மட்டும்தான் அறும் என்று நினைத்துவிடக் கூடாது, நம்முடைய டாங்கியும் லாரியும் ஏறினாலும் அறும். ராத்திரியில் விளக்குப் போட முடியாது. அதனால் கம்பியை இடது உள்ளங்கையில் ஓடவிட்டுக்கொண்டே நடக்கணும். கொஞ்ச தூரம் போனதும் தோளில் மாட்டியிருக்கிற டெலிபோனைக் கம்பியில் இணைத்துக் கைப்பிடியைச் சுற்றணும். பின்பக்கம் பதில் வந்தால் இதுவரை லைன் சரி, அறுந்தது முன்னால். இன்னும் நடக்கணும். முன்பக்கம் பதில் வந்து பின்பக்கம் வரவில்லையென்றால் அறுந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம். கண்டுபிடித்ததும் ரெண்டு முனையையும் சீவி, ரீஃப் முடிச்சுப் போட்டு இறுக்கி, டேப் சுற்றி, மறுபடி ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பணும். எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு அறுந்தால்கூட இந்த முடிச்சைத்தான் போடுவார், போட்டுவிட்டு எங்களை இழுத்துப் பார்க்கச் சொல்வார்.

பதக்கங்களை அவர் யாருக்கும் காட்ட மாட்டார். பெரியம்மைதான் ஒருமுறை 71 போருக்குக் கொடுத்த சங்க்ராம் பதக்கத்தைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருப்பார்கள், அது போய்விடுமே என்று மனிதர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது ரொம்பக் குறைவு.

1978இல் 15 வருடம் முடித்து, நாயக் ரேங்கில், பென்ஷனோடு வந்தார். அந்த ரேங்கில் இருப்பவர்களுக்கு 15 வருட சேவை இருந்தால்தான் பென்ஷன், அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ரெண்டு வருடத்தை ஓட்டினேன் என்பார். 33 வயதில் ஓய்வூதியர். நம் ஊரில் அந்த வயதில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பாங்க் செக்யூரிட்டியாகப் போனார்கள், சிலர் விளையை, அதாவது தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மாசமானால் கேன்டீன் சரக்கை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இவர் குடிக்க மாட்டார். அதனாலேயே மாசத் தொடக்கத்தில் அவருடைய ரம் கோட்டாவை விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் எண்ணிக்கை அதிகம், அதில் என் அப்பாவும் ஒருத்தர்.

அவர் வாத்தியாரானதற்கு ராணுவத்திலேயே போட்ட அஸ்திவாரம் இருந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் தபால்வழிக் கல்வி ஆரம்பித்திருந்தது. 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிக்குப் பாடப் பொட்டலம் வரும். பிஏ வரலாறு அப்படித்தான் முடித்தார். வந்த பிறகு பிஎட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, முன்னாள் படைவீரர் முன்னுரிமையில் 1981இல் அரசுப் பள்ளியில் வேலை. குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு உயர்நிலைப் பள்ளி.

பள்ளிக்கூடம்

இரங்கல் கூட்டத்தில் பேசிய நாலு பேரும் "சார் பிரம்பைத் தொட்டதே இல்லை" என்றார்கள். கூட்டம் முடிந்து வெளியே கட்டஞ்சாயா குடிக்கும்போது, முதல் வருடம் அவரிடம் படித்த ஒரு அண்ணன், இப்போது அறுபதை நெருங்குகிறவர், மெதுவாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது பொறவுள்ள கத மக்கா. எங்களுக்கெல்லாம் நல்லா தந்திருக்காரு."

எனக்கு இது முக்கியமான தகவல். பட்டாளத்திலிருந்து வந்தவர் நேராக அன்பே உருவான ஆசிரியராகிவிடவில்லை. முதல் வருடம் அவரும் எல்லாரையும் போலப் பிரம்போடுதான் வகுப்புக்குப் போனார். முதல் பீரியடில் தலை தொங்கித் தூங்குகிற ஒரு பையனைத் தினமும் எழுப்பி அடித்தார், ஒரு நாள் பையன் வருவதை நிறுத்திவிட்டான். வருகைப் பதிவேட்டில் நாலைந்து நாள் ஆப்சென்ட் போட்டுவிட்டு, அப்புறம்தான் பழைய பதிவைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவர் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறி போடுவார், தூங்கினவனுக்கு ஒரு புள்ளி, பாடம் எழுதாதவனுக்கு ஒரு கோடு. பார்த்தால் அந்தப் பையன் பெயருக்கு நேரே புள்ளி ஒன்றுவிட்டு ஒரு நாள் விழுந்திருக்கிறது.

ரப்பர் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பாலுக்காக ஒரு மரத்தின் பட்டையைப் பொதுவாக ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள். பால் நன்றாக இறங்க வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டியாக வேண்டும், அதனால் விடிவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார்கள். அப்பன் வெட்டிக்கொண்டே போவான், பின்னால் பிள்ளை முந்தின தடவையின் ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கூடையில் போட்டுச் சிரட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டே வருவான். அதை முடித்துவிட்டு ஓடிவந்து முதல் பீரியடில் உட்கார்ந்தால் கண் சொருகத்தான் செய்யும். வெட்டு இல்லாத நாளில் அதே பையன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

அவர் சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்கு நடந்து போனார். பிரம்பு அன்றோடு போனதா, கொஞ்ச நாள் கழித்துப் போனதா என்பதில் பழைய மாணவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 82க்குப் பிறகு அடி வாங்கியதாகச் சொல்ல ஆளில்லை. பள்ளியில் அடிக்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமான கல்வி உரிமைச் சட்டம் வந்தது 2009இல், அதற்குள் அவர் ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கேஸின் மையம். ஜூன் மாசம் புது வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரையான வழியை வரைபடமாக வரைந்து வர வேண்டும். வடக்கு எங்கே என்று காட்ட வேண்டும். தூரத்தைக் காலடிக் கணக்கில் எழுத வேண்டும். ஓடை, பாறை, குருசடி, சாஸ்தா கோவில், சாயக்கடை, நாய் இருக்கிற வீடு எல்லாம் குறிக்க வேண்டும். நாங்கள் இதைச் சமூக அறிவியல் வீட்டுப்பாடம் என்றே நினைத்திருந்தோம். நிலவரைபடம் என்றால் என்ன, அளவுகோல் என்றால் என்ன என்பதெல்லாம் அதிலேயே படித்தோம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தாள்களையெல்லாம் அவர் ஒரு கட்டாகக் கட்டித் தன் பெட்டியில் வைத்துக்கொள்வார். எவனாவது மூன்று நாள் வரவில்லையென்றால் அவனுடைய தாளை உருவி எடுத்துக்கொண்டு அந்த வழியிலேயே நடப்பார்.

நேராக வீட்டுக் கதவைத் தட்டுவது அவர் வழக்கமில்லை. வழியில் சாயக்கடையில் நின்று கேட்பார். பிள்ளை காலையில் இந்தப் பக்கம் போனதைப் பார்த்தீர்களா? போனான் என்று சொன்னால் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான், சிக்கல் இனிமேல்தான், பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கம் எங்கேயோ ஆற்றங்கரையிலோ தோட்டத்திலோ இருக்கிறான். போகவில்லை என்றால் சிக்கல் வீட்டில். அதாவது கம்பியில் டெலிபோனை மாட்டி எந்தப் பக்கம் பதில் வருகிறது என்று பார்க்கிற அதே வேலை. நான் இதை அவரிடமே ஒருமுறை சொன்னேன், நீயெல்லாம் பெரிய ஆளாயிட்டியோ என்று சிரித்தார், மறுக்கவில்லை.

இதில் அவர் கண்டுபிடித்த விஷயங்கள் எல்லாமே பெரிய சோகக் கதைகள் இல்லை. நமக்கு ரெண்டு மழை: ஜூனில் தொடங்குகிற இடவப்பாதியும், ஐப்பசியில் வருகிற துலா மழையும். ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் எல்லாரும் இந்த ரெண்டு சமயத்திலும் மொத்தமாக ஆப்சென்ட் ஆவதை வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஊர்க்காரர்களைப் பிடித்து ரெண்டு தென்னந்தடியைப் போட்டுப் பாலம் கட்டினார்கள். பிற்பாடு பஞ்சாயத்து அங்கே கல்வெர்ட்டே கட்டியது. பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்பதற்குக் காரணம் பல வீட்டில் கல்யாணம், மாமியார் வீடு என்று பெரிதாகப் பேசப்பட்டது, ஆனால் சில இடத்தில் விசாரித்தால் வழியில் ஒரு கள்ளுக்கடை, அவ்வளவுதான். வேறு வழி கண்டுபிடித்து நாலு பிள்ளைகளாகச் சேர்ந்து போக ஏற்பாடு பண்ணினார். சில வீட்டில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பிள்ளை வேலைக்குப் போய்விட்டான், அதோடு முடிந்தது.

முதல் பீரியடை மாற்றிக் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டதற்கு முதலில் கிடைத்த பதில், "இது பட்டாளம் இல்ல சார்." ஆள் மாறி அடுத்தவர் வந்த பிறகு ஒத்துக்கொண்டார். காலையில் கணக்குக்குப் பதிலாக உடற்பயிற்சியும் ஓவியமும். தூங்கினவர்கள் தொகை குறைந்தது. எல்லாரும் முதல் வகுப்பில் பாஸாகிவிட்டார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, அப்படியெல்லாம் ஆகவில்லை.

வரலாறு பாடத்தில் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது, குளச்சல் போர். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, பிடிபட்ட டி லனாய் அப்புறம் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியானார், 1777இல் இறந்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிற எழுத்தைக் காட்டினார். மற்ற வாத்தியார்கள் வெற்றியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் பிடிபட்ட பட்டாளக்காரன் வாத்தியாரான கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். மாத்தூர்த் தொட்டிப்பாலத்துக்குப் போனால் வேறு மாதிரி: 28 தூணையும் எண்ணு, நீளத்தைக் காலடியில் அள, சரியான கணக்கு 1,240 அடி, யார் பக்கத்தில் வருகிறார்கள் பார்ப்போம். 115 அடி உயரத்தில் கீழே பறளியாறு தெரிய, தலை சுற்றிக்கொண்டே எண்ணிக்கொண்டு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கணக்கு தப்பியதும்.

வீடு

1969இல் கல்யாணம். மூத்த மகள் 1971 ஜூனில் பிறந்தாள், அவர் முதன்முதலாக அவளைப் பார்த்தது போரெல்லாம் முடிந்து 72இல். அக்கா அவரைப் பார்த்து வீறிட்டு அழுததும், ரெண்டு நாள் அவர் திண்ணையிலேயே படுத்ததும் எங்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்கிற கதை. சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஒன்பது வருடமும் குடும்பம் தபாலில்தான் ஓடியது. பெரியம்மை படித்தது மலையாளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை, தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் இவர் மலையாளத்தில் எழுதினார். இன்லாண்ட் லெட்டர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. இப்போது பெரியம்மை வாசித்துக் காட்டினால்தான் உண்டு. சில கடிதத்தை வாசிக்கிறார், சில கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து அடியில் வைத்துவிடுகிறார், கேட்டால் "அதுல ஒண்ணுமில்ல மக்கா, மாட்டுக்கு வெல கேட்டிருக்காரு" என்கிறார்.

திரும்பி வந்த பிறகு வீட்டில் அவர் இல்லாத வேலை கிடையாது. மாமியார் கடைசி நாலு வருடம் படுக்கையில் கிடந்தபோது குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாவற்றிலும் பெரியம்மைக்குச் சமமாக நின்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மருமகன் அதைச் செய்ததைப் பெண்கள் நம்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடுக்களை அவர் கையில், மரச்சீனியும் மீன்கறியும் தின்று வளர்ந்த வீட்டில் பட்டாளத்துச் சப்பாத்தி. தடிமனாக இருக்கும். நன்றாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால் கடைசி மகன் விஷயத்தில் அவருடைய வித்தை எதுவும் பலிக்கவில்லை. ஊரான் பிள்ளை வரவில்லையென்றால் எங்கே அறுந்தது என்று தேடிப் போனவர், தன் மகன் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டபோது மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பையனுக்கு அதுதான் பெரிய அடி. அவன் ஐடிஐ படித்து கல்ஃபுக்குப் போனான், பணம் அம்மா பெயருக்குத்தான் அனுப்புவான், ஃபோனில் அப்பாவைக் கேட்க மாட்டான். இப்படியே பல வருடம் போனது. நான் அவரிடம் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். அவன் வீட்டுக்கு நான் எந்த வழியா நடக்க என்று கேட்டார். கேட்டுவிட்டு, வெட்டில் மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க ரப்பர் மரத்துக்கு ரெயின்கார்டு கட்டப் போய்விட்டார்.

2017 நவம்பர் 30, ஒக்கி. ரப்பரும் வாழையும் விழுந்தது எல்லாருக்கும் தெரியும், அவருடைய விளையிலும் பாதி மரம் போனது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் டிவியில் கன்னியாகுமரியைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தார்கள், இங்கிருந்து ஒரு ஃபோன்கூடப் போகவில்லை. 72 வயதுக்காரர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார், சிக்னல் இல்லையென்றால் இன்னும் நடப்பார். மார்த்தாண்டம் போகிற வழியில் எங்கேயோ கோடு ஏறியதும் மகனைத்தான் கூப்பிட்டார், பெரியம்மையும் மற்றவர்களும் நல்லா இருக்கிறார்கள் என்று சொன்னார், அப்புறம் பயலே நீ சாப்பிட்டியா என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னது மகன். அதன்பிறகு வாரம் ஒருமுறை பேசிக்கொண்டார்கள், பெரும்பாலும் ரப்பர் விலையைப் பற்றி.

காகிதம்

2003இல் 58 வயதில் பள்ளியிலிருந்து ஓய்வு. அதன்பிறகு அவருக்கு ரெண்டு பென்ஷன், ஒன்று ராணுவத்தது, ஒன்று தமிழ்நாடு அரசுடையது. கடந்த வருடம் அவர் இறந்தபோது ரெண்டுக்கும் பெரியம்மைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது பல வீட்டில் இன்னும் தெரியாது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். முன்பெல்லாம் பட்டாளத்தை முடித்து அரசு வேலைக்கும் போனவர்களின் மனைவிக்கு ரெண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. 2012 செப்டம்பர் 24 முதல் ரெண்டும் வாங்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் மாற்றிவிட்டது. பெரியப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி ஃபைலில் ஒட்டியே வைத்திருந்தார், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு.

ஆசிரியர் பக்கத்துப் பென்ஷன் கருவூலம் வழியாக அதிகச் சிரமமில்லாமல் மாறியது. ராணுவப் பக்கம் நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் என்று இருந்தது பெரியம்மையை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். 1969இல் கல்யாணத்தைப் பதிவுசெய்ய யூனிட் கிளார்க் மனைவி பெயர் கேட்டிருக்கிறார், 24 வயதுப் புதுமாப்பிள்ளை வாயில் வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார், அதை அவர் ஆங்கிலத்தில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார், குடும்ப விவரங்களைச் சேவைப் பதிவில் ஏற்றுகிற பகுதி 2 ஆணையில் அதுவே ஏறிவிட்டது. ஆதாரிலும் பாங்க் பாஸ்புக்கிலும் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். ரெண்டுக்கும் ஒரு எழுத்துகூடப் பொருத்தமில்லை.

ஊரிலுள்ள எல்லாருடைய காகிதத்தையும் சரிபார்த்துக் கொடுத்தவர் இவர். ரேஷன் கார்டில் பெயர் மாற்றமா, சாதிச் சான்றிதழா, விதவைப் பென்ஷன் மனுவா, எல்லாரும் சாரிடம்தான் வருவார்கள். சிக்னல்ஸில் செய்தித் தாளில் எழுதப் பழகிய அந்தப் பெரிய ஆங்கில எழுத்துக்களில், ஒரு எழுத்து இன்னொன்றைத் தொடாமல், படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். அவர் எப்படி இதை விட்டார் என்று எனக்கு முதலில் கோபமாகவே இருந்தது. ஃபைலைப் பார்த்தபோது புரிந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் 2003இல் வந்தது, அதற்கு இவர் கார்டு எடுத்தபோது பெரியம்மையின் சரியான பெயரைக் கொடுத்து, அது கார்டில் சரியாகவே அச்சாகி வந்திருக்கிறது. அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். மருத்துவக் கார்டில் பெயர் சரியாக இருந்தால் ஜபல்பூரில் சிக்னல்ஸ் பிரிவின் ஆவண அலுவலகமான ரெக்கார்ட்ஸில் இருக்கிற சேவைப் பதிவும் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை, அது தனி, இது தனி. கம்பியின் ஒரு பக்கத்தில் மட்டும் பதில் கிடைத்ததும் திரும்பி வந்துவிட்டார், ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பார்க்க எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர்.

என்ன செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ரெண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம். அதற்கு ஆதரவாக வருவாய்த் துறையில் வாங்கிய சான்று. நாகர்கோவிலில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட்ஸுக்கு மனு. இப்போது ராணுவப் பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு வந்துவிட்டதால் இறப்பைத் தெரிவிப்பதும் அதில்தான். நடுவில் ஒரு இடத்தில், பெயர் மட்டும் போதாது, இவர்தான் அவர் மனைவி என்பதற்கு அந்தக் காலத்து அரசு ஆவணம் ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள். கல்யாண போட்டோ இருக்கிறது, ஆனால் அதை யார் ஏற்பார்கள்?

கைகொடுத்தது பள்ளிக்கூடத்து ஃபைல். 2003இல் ஆசிரியர் பென்ஷனுக்கு விண்ணப்பித்தபோது தம்பதி சேர்ந்து எடுத்த படம், அதில் தலைமை ஆசிரியர் கையெழுத்து, கீழே பெரியம்மையின் முழுப்பெயர், பக்கத்தில் இவருடைய பழைய ராணுவ நம்பர். முன்னாள் படைவீரர் என்பதற்கான விவரத்தில் அந்த நம்பரையும் எழுதியிருந்தார். அந்த ஒரு தாளில் பட்டாளத்து ஆளும் பள்ளிக்கூடத்து ஆளும் பெரியம்மையின் புருஷனும் ஒன்றாக இருந்தார்கள், நோட்டீஸில் போட்ட அதே மூன்று. நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கி அனுப்பினோம். மாதக் கணக்கில் ஆனது, ஆனாலும் நிலுவையோடு வந்துவிட்டது. பெரியம்மை இப்போது ரெண்டு பென்ஷன்காரி. வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், விரல் ரேகை பதியவில்லையென்றால் அந்த இயந்திரத்தையே திட்டுகிறார்.

முன்னாள் படைவீரர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் வழங்கும் ஆணையான பிபிஓவையும் மனைவியின் ஆதாரையும் ஒரே மேஜையில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவரே கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடிகிற வேலை, அவர் போன பிறகு இழுத்தடிக்கும்.

அந்த வரைபடங்கள்

அந்த ஃபைலைத் தேடும்போது பெட்டியின் அடியில் வரைபடக் கட்டுகளும் கிடைத்தன. எல்லா வருடமும் இல்லை, செல் அரித்தது போக மிச்சம். கூடவே ஒரு நீள நோட்டு. எந்தப் பிள்ளையைத் தேடி எந்தத் தேதியில் போனார், எங்கே அறுந்திருந்தது, என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு வரியில். அப்பா குடிக்கிறார். அம்மா வேறு வீடு போய்விட்டாள். பிள்ளைக்கு வலிப்பு, வெளியே சொல்லவில்லை. சில வரிகளுக்கு எதிரே "வந்தான்", சில வரிகளுக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

இதை வருடத் திதிக்கு ஒரு சின்ன மலராகப் போட்டால் நோட்டீஸில் வராத மனிதர் அதில் வருவார் என்று எனக்கு ஆசை. கடைசி மகனும் பணம் தருகிறேன் என்றான். மூத்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் ஆசிரியை, இன்னும் சில வருடம் சர்வீஸ் இருக்கிறது. "அந்தப் பிள்ளைகளெல்லாம் இப்பம் பேரன் பேத்தி எடுத்து இதே ஊரில் இருக்கு. அவங்க வீட்டு விஷயத்த அப்பா நோட்டுல எழுதினது தேடிப் போகத்தான், அச்சடிக்கவா?" என்று கேட்டார்.

நோட்டு இப்போது அக்காவிடம் இருக்கிறது. வரைபடங்களை மட்டும் யார் வரைந்தார்களோ அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவாகி, அறுபதை நெருங்குகிற அந்த அண்ணனிடமிருந்து தொடங்கியிருக்கிறோம். இந்தக் கட்டுரையில் பெரியப்பா பெயர் உட்பட ஒரு பெயரும் இல்லாததற்கும் அக்காதான் காரணம்.